11,800 ரூபாய் ஆண்டுக் கட்டணம்: இந்தப் பயண அட்டையை வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா?

கொளத்தூர்வாசி (இழையைத் தொடங்கியவர்) | ஞாயிறு, காலை 10.15

வணக்கம். இந்த மாத ஸ்டேட்மென்ட்டில் ஒரு வரி புதிதாக உட்கார்ந்திருக்கிறது. ஆண்டுக் கட்டணம் 10,000, ஜிஎஸ்டி 1,800, ஆக 11,800. முதல் வருடம் இலவசம் என்று தலையில் கட்டியதால் இப்படி ஒரு நாள் வரும் என்பதே மறந்துபோயிருந்தது.

வங்கியின் பெயர் வேண்டாம். சொன்னால் பாதிப் பேர் அதைத் திட்டவும் மீதிப் பேர் அதற்கு வக்காலத்து வாங்கவும் கிளம்பிவிடுவீர்கள். அட்டையின் விவரம் மட்டும் தருகிறேன். 100 ரூபாய்க்கு 2 பாயின்ட். வங்கியின் சொந்தத் தளத்தில் விமான டிக்கெட் எடுத்தால் ஒரு பாயின்ட் ஒரு ரூபாய். பில்லில் கழித்தால் 25 காசு. விமான நிலைய லவுஞ்ச் (சாப்பாட்டோடு ஓய்வறை) உள்நாட்டில் வருடத்துக்கு 8 முறை, வெளிநாட்டில் 4 முறை. வெளிநாட்டுச் செலவுக்கு மார்க்கப் (அந்நாட்டுப் பணத்தை ரூபாயாக மாற்ற வங்கி மேலே போடுவது) 2 சதவீதம். வருடத்தில் 7.5 லட்சம் செலவு செய்தால் 7,000 ரூபாய்க்கு ஓட்டல் வவுச்சர், 10 லட்சம் தொட்டால் கட்டணமே கிடையாது.

போன வருடம் நான் தேய்த்தது 6.2 லட்சம். என் கணக்கு: பாயின்ட் 12,400. லவுஞ்ச் ஏழு முறை, தலைக்கு 1,500 வீதம் 10,500. சிங்கப்பூர் போனதில் மார்க்கப் மிச்சம் ஏறக்குறைய 2,000. இன்னும் கொஞ்சம் முயன்றால் வவுச்சர் 7,000. மொத்தம் 31,900. கட்டணம் போக 20,100 லாபம்.

இதை எக்செலில் போட்டு மனைவியிடம் காட்டினேன். முழுதாகப் பார்த்துவிட்டு, "சரி, இந்த 31,900 இப்போது எங்கே இருக்கிறது?" என்று கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இங்கே வந்தேன்.

ஓய்வுபெற்ற காசாளர் | ஞாயிறு, காலை 11.02

தம்பி, உங்கள் வீட்டில் கேட்டதுதான் சரியான கேள்வி. இழையை அங்கேயே முடித்திருக்கலாம். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை, எனக்கும் பொழுது போகவேண்டும்.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். 6.2 லட்சத்துக்கு 2 சதவீதம் என்று பெருக்காதீர்கள். பன்னிரண்டு ஸ்டேட்மென்ட்டையும் திறந்து, உண்மையில் எத்தனை பாயின்ட் வரவாகியிருக்கிறது என்று கூட்டுங்கள். செலவையும் வகை பிரித்துப் போடுங்கள். பெட்ரோல், இன்சூரன்ஸ், வாடகை, வாலட்டில் பணம் போடுவது, பள்ளிக் கட்டணம். இவற்றுக்கெல்லாம் இப்போது நிறைய அட்டைகள் பாயின்ட் தருவதே இல்லை.

கொளத்தூர்வாசி | ஞாயிறு, மதியம் 1.40

கூட்டிப் பார்த்தேன் சார். சாப்பாடு இறங்கவில்லை.

பள்ளிக் கட்டணம் 1.4 லட்சம் (செயலி வழியாகக் கட்டியது), இன்சூரன்ஸ் 60,000, பெட்ரோல் 50,000, மளிகை மற்றும் ஆன்லைனில் வாங்கியது 2.2 லட்சம், பயணம் 1.5 லட்சம். இதில் முதல் மூன்றுக்கும் ஒரு பாயின்ட்கூட வரவில்லை. மீதி 3.7 லட்சத்துக்கு வந்தது 7,400. நான் 12,400 என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பழைய மிச்சத்தோடு சேர்த்துக் கணக்கில் இருப்பது 9,800 பாயின்ட்.

ஓய்வுபெற்ற காசாளர் | ஞாயிறு, மதியம் 2.05

7,400 பாயின்ட் என்று சொல்லுங்கள், 7,400 ரூபாய் என்று சொல்லாதீர்கள். வங்கித் தளத்தில் டிக்கெட் எடுத்தால்தானே ஒரு பாயின்ட் ஒரு ரூபாய்? அதே விமானம், அதே தேதி, விமான நிறுவனத்தின் தளத்தில் என்ன விலை என்று பார்த்திருக்கிறீர்களா?

கொளத்தூர்வாசி | ஞாயிறு, மதியம் 2.31

இப்போதுதான் பார்த்தேன். அடுத்த மாதம் சென்னை–டெல்லி, காலை விமானம். வங்கித் தளத்தில் 6,340. நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் 5,890. அட, இதை ஏன் இத்தனை நாள் பார்க்கவில்லை?

மைல் பைத்தியம் | ஞாயிறு, மாலை 4.18

காசாளர் சார் ஒரு பக்கத்தை மட்டும் காட்டுகிறார். பாயின்ட்டை வங்கித் தளத்தில் கொடுத்து எகானமி டிக்கெட் எடுப்பது, பட்டுப்புடவையைக் கரித்துணியாக்குவது மாதிரி. அதை விமான நிறுவனத்தின் மைலாக (டிக்கெட் எடுக்க அவர்கள் தரும் பாயின்ட்) மாற்றவேண்டும்.

என்னிடம் இருப்பது ஆக்சிஸ் அட்லஸ். கட்டணம் 5,000, ஜிஎஸ்டியோடு 5,900. சாதாரணச் செலவுக்கு 100 ரூபாய்க்கு 2 எட்ஜ் மைல் (இந்த அட்டையின் பாயின்ட்டுக்கு அதுதான் பெயர்). விமான நிறுவனத்திடமோ ஓட்டலிடமோ நேரடியாகக் கட்டினால் 5. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் மாதிரி மைல் திட்டங்களுக்கு மாற்றும்போது ஒன்று இரண்டாகும். இரண்டு வருடம் சேர்த்து சென்னையிலிருந்து சிங்கப்பூர் வழியாக டோக்கியோவுக்கு பிசினஸ் கிளாஸில் போனேன். காசு கொடுத்திருந்தால் போகவர இரண்டு லட்சத்தைத் தாண்டியிருக்கும். நான் கட்டியது வரியும் கட்டணமும் மட்டும். இதற்கு 5,900 அதிகமா?

இரண்டு பெட்டி ஒரு குடை | ஞாயிறு, மாலை 4.50

@மைல் பைத்தியம், ஒரே ஒரு கேள்வி. மைல் இல்லாவிட்டால் அந்த இரண்டு லட்சத்தைக் கொடுத்து பிசினஸ் கிளாஸில் போயிருப்பீர்களா?

மைல் பைத்தியம் | ஞாயிறு, மாலை 5.12

மாட்டேன் அக்கா. எகானமியில் அறுபதாயிரத்துக்குப் போயிருப்பேன். படுத்துக்கொண்டு போனதற்குக் கூடுதலாக ஒரு இருபதாயிரம் என் மனதில் மதிப்புண்டு. ஆக எனக்கு அது 80,000 பெறும் பயணம். இரண்டு லட்சம் என்று சொன்னது பெருமைக்கு, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கவனியுங்கள், 80,000 என்று வைத்தாலும் இரண்டு வருடக் கட்டணம் 11,800 போக நல்ல மிச்சம்தான்.

இரண்டு பெட்டி ஒரு குடை | ஞாயிறு, மாலை 5.30

உங்களுக்கு மிச்சம். நீங்கள் தனி ஆள், செவ்வாய்க்கிழமை சீட் கிடைத்தால் செவ்வாய்க்கிழமை கிளம்புவீர்கள். கொளத்தூர்க்காரருக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். மே மாதம், நாலு பேர், ஒரே விமானம். அப்படி மைலுக்கு நாலு சீட் தேடிப் பார்த்திருக்கிறீர்களா? நான் தேடியிருக்கிறேன். இரண்டு கிடைத்தது. மீதி இருவரை வீட்டில் விட்டுவிட்டுப் போக முடியுமா?

மைல் பைத்தியம் | ஞாயிறு, மாலை 5.41

அது நியாயம். மைல் என்பது தேதியை வளைக்கக்கூடியவர்களுக்குத்தான். அவர் அட்டையில் மைலாக மாற்றும் வசதி இருக்கிறதா என்பதே தெரியவில்லை.

கொளத்தூர்வாசி | ஞாயிறு, இரவு 8.20

இல்லை. வங்கித் தளம் மட்டும்தான்.

தாம்பரம் மேம்பாலம் | ஞாயிறு, இரவு 9.05

நான் எச்டிஎஃப்சி இன்ஃபினியா வைத்திருக்கிறேன். கட்டணம் 12,500, ஜிஎஸ்டியோடு 14,750. ஆனால் கட்டணம் கட்டினால் 12,500 பாயின்ட் திரும்பி வந்துவிடும். 150 ரூபாய்க்கு 5 பாயின்ட், ஸ்மார்ட்பை (SmartBuy) என்ற அந்த வங்கியின் தளத்தில் விமானம், ஓட்டல் எடுத்தால் பாயின்ட்டுக்கு ஒரு ரூபாய். 10 லட்சம் செலவு செய்தால் கட்டணமே இல்லை. இந்த மாதிரி அட்டைக்குக் கணக்கே தேவையில்லை. ஆக நஷ்டம் ஜிஎஸ்டி 2,250 மட்டும்தான்.

ஓய்வுபெற்ற காசாளர் | திங்கள், காலை 6.48

நல்ல அட்டை, மறுக்கவில்லை. ஆனால் "கணக்கே தேவையில்லை" என்று எங்கே சொல்கிறார்களோ அங்கேதான் நான் பேனாவை எடுப்பேன்.

14,750 கட்டி 12,500 பாயின்ட் வாங்குவதைக் கட்டணம் என்று சொல்லாதீர்கள், முன்பணம் என்று சொல்லுங்கள். அடுத்த வருடம் எடுக்கப்போகும் டிக்கெட்டுக்கு இப்போதே பணம் கட்டுகிறீர்கள், அதுவும் ஒரே கடையில்தான் வாங்குவேன் என்று எழுதிக் கொடுத்து. அந்தக் கடையிலும் ஒரு டிக்கெட்டுக்கு 70 சதவீதம் வரைதான் பாயின்ட், மீதியைப் பணமாகக் கட்டவேண்டும். எப்படியும் டிக்கெட் எடுக்கும் ஆளாக இருந்தால் பிழையில்லை. வருடத்துக்கு ஒருமுறை பாண்டியன் எக்ஸ்பிரஸில் மதுரை போகும் ஆள் இதைச் செய்தால்?

தாம்பரம் மேம்பாலம் | திங்கள், காலை 8.15

நான் வேலை நிமித்தம் மாதம் இரண்டு முறை பறக்கிறவன். எனக்குச் சரிதான். மதுரைக்காரருக்குச் சரிவராது என்பதை ஏற்கிறேன்.

ஜெர்சி சிட்டி சாம்பார் | திங்கள், காலை 9.30 (உங்கள் நேரம்)

அமெரிக்காவிலிருந்து ஒரு குரல். இங்கே நிலவரம் இன்னும் வேடிக்கை. சேஸ் சஃபையர் ரிசர்வ் 2016இல் வந்தபோது கட்டணம் 450 டாலர். 2020இல் 550. 2025இல் 795. அமெக்ஸ் பிளாட்டினம் அதே 2025இல் 695இலிருந்து 895க்குப் போனது.

ஏற்றும்போதெல்லாம் "அதைவிடப் பல மடங்கு சலுகை தருகிறோம்" என்பார்கள். தருவதும் உண்மைதான். ஆனால் எப்படித் தருகிறார்கள்? பிளாட்டினத்தில் ஊபருக்கு வருடம் 200 டாலர் என்று எழுதியிருக்கும். அது மாதம் 15, டிசம்பரில் மட்டும் 35. அந்த மாதம் பயன்படுத்தாவிட்டால் போச்சு. இங்கே இதற்குக் கூப்பன் புத்தகம் என்றே பெயர். நான் ஒரு வருடம் அந்த 15 டாலரை வீணாக்கக்கூடாது என்று மாதக் கடைசியில் ஊபர் ஈட்ஸில் 27 டாலருக்குச் சாப்பாடு வரவழைத்திருக்கிறேன். வீட்டில் ரசம் இருக்கும்போது.

சஃபையர் ரிசர்வில் 300 டாலர் பயணச் செலவைத் திருப்பித் தருகிறார்கள், அது மட்டும் கிட்டத்தட்ட பணம் மாதிரி. எந்தப் பயணச் செலவாக இருந்தாலும் தானாகக் கழிந்துவிடும், நினைவு வைத்துக்கொள்ளவே வேண்டாம். நான் பார்க்கும் அளவுகோல் இதுதான்: நானாக எதையும் மாற்றாமல் வந்து சேர்வது எவ்வளவு, அதற்காக நான் ஓடவேண்டியது எவ்வளவு. ஓடவேண்டியதற்குப் பாதி மதிப்புகூடக் கொடுப்பதில்லை.

கொளத்தூர்வாசி | திங்கள், மதியம் 1.10

"வீட்டில் ரசம் இருக்கும்போது" என்பதை மனைவிக்கு அனுப்பிவிட்டேன்.

சரி, லவுஞ்ச் விஷயத்துக்கு வாருங்கள். அதற்கு 1,500 போட்டது அதிகமா?

இரண்டு பெட்டி ஒரு குடை | திங்கள், மதியம் 1.45

லவுஞ்ச் இல்லாவிட்டால் அந்த நேரத்தில் என்ன செய்திருப்பீர்கள்? அந்தச் செலவுதான் மதிப்பு.

கொளத்தூர்வாசி | திங்கள், மதியம் 2.20

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஏழு முறை என்றது ஆறு முறைதான். ஒருமுறை சென்னை உள்நாட்டு முனையத்தில் வரிசை வெளியே வரை நின்றது, போர்டிங் அழைப்பு வந்ததும் விட்டுவிட்டுப் போய்விட்டேன். உள்நாட்டில் போன நாலு முறையும் இட்லி, பொங்கல், காபி. லவுஞ்ச் இல்லையென்றால் கீழே ஒரு தோசையும் காபியும், 350 ரூபாய் ஆகியிருக்கும். சிங்கப்பூர் பயணத்தில் இரண்டு முறை, அங்கே வெளியே சாப்பிட்டிருந்தால் 800 ரூபாய் ஆகியிருக்கும் என்று வைக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். டெல்லிக்குக் குடும்பத்தோடு போனபோது என் அட்டைக்கு ஒரு ஆள்தான் அனுமதி என்றார்கள். மனைவியும் பிள்ளைகளும் வெளியே நாற்காலியில். "நீங்கள் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்" என்றாள். போனேன். அந்தப் பொங்கல் தொண்டையில் இறங்கியதா என்று கேட்காதீர்கள்.

தாம்பரம் மேம்பாலம் | திங்கள், மதியம் 2.34

போனீர்களா!

கொளத்தூர்வாசி | திங்கள், மதியம் 2.36

வாசலில் நுழைவுக்கான இரண்டு ரூபாயை அட்டையில் தேய்த்தாகிவிட்டதே சார்.

மைல் பைத்தியம் | திங்கள், மாலை 3.15

ஹாஹா. வெளிநாட்டில் விருந்தினரை அழைத்துப் போகும்போதும் கவனம். பிரயாரிட்டி பாஸ் (பல நாட்டு லவுஞ்சுகளில் செல்லும் உறுப்பினர் அட்டை) காட்டினால் உள்ளே விடுவார்கள், மலர்ந்த முகத்தோடு. அடுத்த ஸ்டேட்மென்ட்டில்தான் விருந்தினருக்கு 27 டாலரும் ஜிஎஸ்டியும் விழும். பல இந்திய அட்டைகளில் இப்படித்தான்.

பாண்டி பஜார் பர்ஸ் | திங்கள், மாலை 6.02

லவுஞ்சை இவ்வளவு கேலி செய்யவேண்டாம். என் அப்பாவுக்கு 74, அம்மாவுக்கு 70. அப்பாவுக்கு அரைமணிக்கு ஒருமுறை கழிப்பறை போகவேண்டும். போன ஜனவரியில் டெல்லியில் பனிமூட்டம், விமானம் ஐந்து மணி நேரம் தாமதம். கேட் பக்கம் உட்கார இடமில்லை, தரையில் ஆட்கள். லவுஞ்சில் ஒரு சோபா கிடைத்தது, பக்கத்திலேயே சுத்தமான கழிப்பறை. அன்றைக்கு யாராவது 5,000 கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். இதை 350 ரூபாய்த் தோசையோடு எப்படிச் சமன் செய்வது?

ஓய்வுபெற்ற காசாளர் | திங்கள், மாலை 7.20

சமன் செய்யமுடியாது அம்மா. எனக்கும் 68 ஆகிறது, கழிப்பறையின் அருமை தெரியும்.

ஆனால் அந்த மாதிரி நாள் வருடத்தில் எத்தனை? ஒன்று. அந்த ஒரு நாளுக்கு வாசலிலேயே பணம் கொடுத்து உள்ளே போகும் வழி பெரும்பாலான லவுஞ்சுகளில் இருக்கிறது. மூன்று பேருக்குக் கொடுத்தாலும் ஆண்டுக் கட்டணத்தை எட்டாது. லவுஞ்சிலும் இரண்டு, மூன்று மணி நேரம்தான் என்று விதி இருக்கும், அன்றைக்கு உங்களை எழுப்பாமல் விட்டது அங்கிருந்தவர்களின் நல்ல மனசு. சக்கர நாற்காலி உதவிக்கு அட்டை தேவையில்லை. டிக்கெட் எடுக்கும்போதே விமான நிறுவனத்திடம் சொல்லிவைத்தால் போதும், பாதுகாப்புச் சோதனையிலும் வரிசை குறையும்.

பாண்டி பஜார் பர்ஸ் | திங்கள், மாலை 7.48

வாசலில் பணம் கொடுக்கலாம் என்பது சரி. ஆனால் பனிமூட்ட நாளில் காசு கொடுப்பவர்களுக்கு இடமில்லை என்று திருப்பி அனுப்பியதையும் பார்த்தேன். நான் என் அட்டையை விடப்போவதில்லை. வருடம் நாலு முறை அவர்களைக் கூட்டிக்கொண்டு பறக்கிறேன், கூடுதல் அட்டைக்கும் லவுஞ்ச் உண்டு. எனக்கு அது பெறும்.

ஓய்வுபெற்ற காசாளர் | திங்கள், மாலை 7.55

நாலு முறையா? அப்படியானால் வைத்துக்கொள்ளுங்கள். நான் தோற்றேன்.

கிண்டி கடன்காரன் | திங்கள், இரவு 10.40

எல்லோரும் பாயின்ட் பற்றிப் பேசுகிறீர்கள். நான் இதே மாதிரி ஒரு அட்டையில் வவுச்சருக்காக ஓடி மாட்டிக்கொண்டவன். 7.5 லட்சத்தை எட்ட உங்களுக்கு 1.3 லட்சம் குறைகிறது அல்லவா, எனக்கும் அப்படித்தான் ஒன்றரை லட்சம் குறைந்தது. பழைய ஃப்ரிட்ஜ் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிது வாங்கினேன், டிவியும் வாங்கினேன். அடுத்த மாதம் முழுதாகக் கட்ட முடியவில்லை. 62,000 பாக்கி, குறைந்தபட்சத் தொகை 3,100 மட்டும் கட்டினேன்.

வட்டி மாதம் 3.6 சதவீதம், அதன் மேல் ஜிஎஸ்டி. அது மட்டுமில்லை, பாக்கி வைத்துவிட்டால் புதிதாக வாங்கும் காய்கறிக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும், 45 நாள் இலவசம் எல்லாம் காணாமல் போய்விடும். முதல் மாதமே வட்டி மூவாயிரத்தை நெருங்கியது. 7,000 ரூபாய் வவுச்சர் வந்தது. அதில் ஓட்டலில் ஒரு ராத்திரி தங்கினோம். சாப்பாட்டுக்குத் தனியாக 4,200 கொடுத்தோம்.

கொளத்தூர்வாசி | செவ்வாய், காலை 7.10

நன்றி நண்பரே. நேற்று இரவு வரை, பிப்ரவரியில் வாங்கவேண்டிய மச்சினி கல்யாண நகையை இப்போதே இந்த அட்டையில் வாங்கிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். யோசனையை விட்டாச்சு.

மார்க்கப் பற்றி யாரும் சொல்லவில்லையே? சிங்கப்பூரில் 1.1 லட்சம் செலவு. சாதாரண அட்டையில் 3.5 சதவீதம், எனக்கு 2.

மைல் பைத்தியம் | செவ்வாய், காலை 8.25

இரண்டுக்கும் மேலே ஜிஎஸ்டி சேர்த்துக்கொள்ளுங்கள். 4.13க்கும் 2.36க்கும் வித்தியாசம் 1.77. ஆக 1,947 ரூபாய் மிச்சம். ஆனால் ஒப்பிட்டது தவறான அட்டையோடு. ஸ்கேப்பியா ஃபெடரல் அட்டையில் ஆண்டுக் கட்டணமும் இல்லை, மார்க்கப்பும் இல்லை. அதைத் தேய்த்திருந்தால் நீங்கள் கட்டிய 2,596 கைக்கு வந்திருக்கும். ஐடிஎஃப்சி ஃபர்ஸ்ட் வெல்த்தும் ஆயுள் முழுக்க இலவச அட்டைதான், மார்க்கப் 1.5. உங்கள் 10,000 ரூபாய் அட்டை இந்த ஒரு விஷயத்தில் இலவச அட்டையிடம் தோற்றுவிட்டது.

இன்னொன்று: வெளிநாட்டுக் கடையில் "ரூபாயில் போடவா, டாலரில் போடவா" என்று மிஷினில் கேட்கும். ரூபாயை அழுத்தாதீர்கள். அந்தக் கடைக்காரரின் வங்கி தன் இஷ்டத்துக்கு விலை போட்டு மாற்றும். போதாததற்கு, பல இந்திய வங்கிகள் அதற்குத் தனிக் கட்டணமும் வைத்திருக்கின்றன.

கொளத்தூர்வாசி | செவ்வாய், காலை 8.40

சிங்கப்பூர் முஸ்தபா கடையில் ரூபாயைத்தான் அழுத்தினேன். எவ்வளவு என்று தெரிகிறதே, வசதியாக இருக்கிறதே என்று.

இரண்டு பெட்டி ஒரு குடை | செவ்வாய், காலை 9.55

சரி, புதிதாகக் கூட்டிவிடலாம். மைல் பைத்தியம் இப்போது செய்ததுதான் எல்லா வரிக்கும் செய்யவேண்டியது. இந்த அட்டை இல்லாவிட்டால் நீங்கள் ரொக்கமாகவா செலவு செய்வீர்கள்? வேறொரு அட்டையைத் தேய்ப்பீர்கள். கட்டணமில்லாத சாதாரண அட்டை 1 சதவீதம் தரும் என்றால் அதே 3.7 லட்சத்துக்கு 3,700 வரும். ஆக இந்த அட்டை கூடுதலாகத் தந்தது 3,700 மட்டும், அதுவும் வங்கித் தளத்தின் விலை ஏற்றத்தை மன்னித்துவிட்டால்.

லவுஞ்ச்: 350 வீதம் நாலு, 800 வீதம் இரண்டு. 3,000.
மார்க்கப்: இலவச அட்டையோடு ஒப்பிட்டால் நஷ்டம். பெரிய மனது பண்ணிப் பூஜ்யம்.
வவுச்சர்: எட்டவில்லை, பூஜ்யம்.

கூட்டினால் 6,700. கட்டணம் 11,800. கையை விட்டுப் போவது 5,100. உங்கள் 20,100 லாபம் இதுதான்.

மைல் பைத்தியம் | செவ்வாய், காலை 10.20

1 சதவீதம்கூடக் குறைத்துத்தான் போட்டிருக்கிறீர்கள் அக்கா. எஸ்பிஐ கேஷ்பேக் மாதிரி அட்டையில் ஆன்லைனில் வாங்கினால் 5 சதவீதம், பணமாகவே பில்லில் கழியும். கட்டணம் 999, இரண்டு லட்சம் செலவு செய்தால் அதுவும் இல்லை. மாத உச்சவரம்பும் விலக்கு வகைகளும் உண்டு, ஆனாலும் இவர் ஆன்லைனில் வாங்கும் அளவுக்கு அது தாராளம். நானே சொல்கிறேன், பயண அட்டை எல்லோருக்கும் இல்லை.

தாம்பரம் மேம்பாலம் | செவ்வாய், மதியம் 12.30

ஆனால் போன வருடத்தை வைத்து அடுத்த வருடத்தைக் கணக்கிடுவது சரியா? அடுத்த வருடம் இரண்டு வெளிநாட்டுப் பயணம் போகலாமே.

ஓய்வுபெற்ற காசாளர் | செவ்வாய், மதியம் 1.00

நீங்கள் மாறாமல் இருந்தாலும் அட்டை மாறும், அதையும் பாருங்கள். ஆக்சிஸ் மேக்னஸ் ஞாபகம் இருக்கிறதா? மாதம் ஒரு லட்சம் செலவு செய்தால் 25,000 பாயின்ட் என்று ஊரே அதைத்தான் பேசியது. 2023 செப்டம்பர் 1இல் அந்தச் சலுகை நின்றது. கட்டணம் 10,000இலிருந்து 12,500. கட்டண விலக்குக்கு 15 லட்சம் என்றிருந்தது 25 லட்சம் ஆனது. ஐந்து பாயின்ட்டுக்கு நாலு மைல் என்றிருந்தது இரண்டு மைல் ஆனது. ஆகஸ்டில் ஆண்டுக் கட்டணம் கட்டியவர் என்ன செய்வார்? லவுஞ்சும் அப்படித்தான், அதே வருடம் டிசம்பரிலிருந்து எச்டிஎஃப்சி ரெகாலியாவுக்குக் காலாண்டில் ஒரு லட்சம் செலவு என்று நிபந்தனை வந்தது.

கட்டணம் நாம் முன்கூட்டியே கட்டுகிறோம். சலுகை அவர்கள் அப்புறம் தருகிறார்கள். இந்த வரிசையை நான் கவுண்டரில் உட்கார்ந்த காலத்திலிருந்து பார்க்கிறேன்.

ஒரு ஆறுதல்: ரிசர்வ் வங்கியின் விதிப்படி கட்டணத்தை மாற்றுவதானால் ஒரு மாதம் முன்பே சொல்லவேண்டும், மாற்றம் பிடிக்காமல் அட்டையைத் திருப்பிக் கொடுப்பவரிடம் அதற்காகத் தனிக் கட்டணம் வாங்கக்கூடாது.

கொளத்தூர்வாசி | செவ்வாய், மாலை 5.45

முடிவுக்கு வந்துவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எப்படி விடுவது? கட்டணம் ஏற்கனவே பில்லில் விழுந்துவிட்டது. இது என் மிகப் பழைய அட்டையும்கூட. முதலில் சாதாரண அட்டையாகத்தான் 2014இல் கொடுத்தார்கள், போன வருடம் "மேம்படுத்தினார்கள்". மூடினால் சிபில் (கடன் வரலாறு) மதிப்பெண் அடிபடும் என்கிறார்கள்.

ஓய்வுபெற்ற காசாளர் | செவ்வாய், மாலை 6.30

மூடவேண்டாம், இறக்குங்கள். அதே வங்கியில் கட்டணமில்லாத அட்டைக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். கணக்கின் வயதும் கடன் வரம்பும் அப்படியே இருக்கும்.

போன் செய்யும்போது முதல் வாக்கியத்திலேயே "அட்டையை மூடவேண்டும்" என்று சொல்லுங்கள். "கட்டணத்தைக் குறைக்கமுடியுமா" என்று ஆரம்பித்தால் "முடியாது சார்" என்பதோடு முடிந்துவிடும். மூடவேண்டும் என்றால் வேறொரு பிரிவுக்கு மாற்றுவார்கள், அங்கேதான் பேரம்.

பேசும்முன் 9,800 பாயின்ட்டையும் செலவழித்துவிடுங்கள். அட்டை போனால் பாயின்ட் போகும் இடம் யாருக்கும் தெரியாது.

கொளத்தூர்வாசி | வியாழன், மதியம் 12.15

பேசினேன். 25 நிமிடம்.

மூடவேண்டும் என்றதும் குரல் மாறியது. முதல் சலுகை: கட்டணத்தைக் கட்டுங்கள், 60 நாளில் 75,000 செலவு செய்தால் 4,000 பாயின்ட். வேண்டாம் என்றேன். இரண்டாவது: இரண்டு மாதத்தில் 1.5 லட்சம் செலவு செய்தால் பாதிக் கட்டணம் திரும்பும். உண்மையைச் சொன்னால் ஒரு நொடி ஆடிவிட்டேன். 11,800இல் பாதி 5,900. அப்போதும் வரும் 6,700இலிருந்து கழித்தால் 800 ரூபாய் லாபம். அதற்காக நான் 1.5 லட்சத்தை இரண்டு மாதத்தில் தேய்க்கவேண்டும். மச்சினி நகை மறுபடி கண்முன் வந்தது. கிண்டி நண்பரின் ஃப்ரிட்ஜும் வந்தது.

வேண்டாம் என்றேன். இறக்கித் தரச் சொன்னேன். மேம்படுத்திய அட்டையை இறக்க "சிஸ்டத்தில் வழி இல்லை" என்றார். அப்படியானால் மூடுங்கள் என்றேன். இரண்டு நிமிடம் பாட்டு ஓடியது. திரும்பி வந்து, வழி இருக்கிறது என்றார். கட்டணத்தைப் புதிய அட்டை வந்ததும் திருப்பிவிடுவதாகச் சொல்லி, புகார் எண் கொடுத்திருக்கிறார். எழுதி வைத்திருக்கிறேன்.

பாயின்ட் முன்தினமே காலி. அம்மாவுக்கு டெல்லிக்கு, அக்கா வீட்டுக்கு, போகவர டிக்கெட் எடுத்துவிட்டேன். வங்கித் தளத்தில் கொஞ்சம் விலை கூடத்தான், ஆனால் 25 காசுக்குக் கழிப்பதைவிட மேல்.

பாண்டி பஜார் பர்ஸ் | வியாழன், மதியம் 12.40

அம்மாவுக்குச் சக்கர நாற்காலி போட்டீர்களா?

கொளத்தூர்வாசி | வியாழன், மதியம் 12.52

போட்டேன். "எனக்கென்ன வயசா ஆகிவிட்டது" என்று திட்டு வாங்கியாகிவிட்டது. 71.

ஓய்வுபெற்ற காசாளர் | வியாழன், மதியம் 1.30

கட்டணம் திரும்பும்வரை அந்த 11,800ஐ மட்டும் கட்டாமல் விடலாம் என்று நினைக்காதீர்கள். கடைசித் தேதிக்குள் பில்லை முழுதாகக் கட்டிவிடுங்கள், திரும்பி வரும்போது வரட்டும். முழுதாகக் கட்டாவிட்டால் வட்டியில்லாத நாட்கள் எல்லாம் போய்விடும். கட்டணம் திரும்பாது என்றாகிவிட்டால் அட்டையை மூடச்சொல்லி மின்னஞ்சலில் எழுதுங்கள், போனில் அல்ல. பாக்கி இல்லாத அட்டையை ஏழு வேலை நாளுக்குள் மூடவேண்டும். தாண்டினால் நாளுக்கு 500 ரூபாய் அவர்கள் உங்களுக்குத் தரவேண்டும். அதுவும் ரிசர்வ் வங்கி விதிதான்.

தாம்பரம் மேம்பாலம் | வியாழன், மதியம் 1.44

சார், நாளுக்கு 500 என்றால் வங்கியே தாமதிக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்ளத் தோன்றுகிறதே.

கொளத்தூர்வாசி | அடுத்த புதன், மாலை 6.10

புதிய அட்டை வந்தது. 11,800 இன்று காலை வரவாகிவிட்டது, ஜிஎஸ்டியோடு சேர்த்து. எக்செலைத் திறந்து 31,900 இருந்த கட்டத்தை அழித்துவிட்டு இந்த எண்ணைப் போட்டு மனைவியிடம் காட்டினேன். "இது எங்கே இருக்கிறது?" என்று கேட்டாள். ஸ்டேட்மென்ட்டில் தொட்டுக் காட்டினேன்.